வியாழக்கிழமை, நாலு மணி

கோலா கெட்டிலில் சாய்ந்து படுத்துப் பேச மெத்தை கிடையாது.
பிளாஸ்டிக் நாற்காலிதான். கீழ்மாடியில்
பல் டாக்டரின் துளைக்கும் மெஷின்.
சன்னாசி வருவார். கட்சிக் கிளைச் செயலாளர். தூக்கமில்லை.

தூக்கத்தைப் பற்றிப் பேச மாட்டார்,
எல்லையைப் பற்றித்தான்:
வேலி போடணும்.
பக்கத்து நாட்டுக்கு நம்ம மேல பொறாமை.
ஏழாம் லயத்து வங்காளதேசிங்க
கடுகெண்ணெயில மீன் பொரிக்கிறானுங்க,
அந்த வாடை கனவு வரைக்கும் வருது.

கனவில்?

ஒரு மேசை. சீருடைக்காரன்.
அப்பாவின் சிவப்பு அடையாள அட்டையை
வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறான்.
நாற்பது வருசம் பால்மரம் சீவிய கை
மேசைக்கு அடியில் ஒளிந்துகொள்கிறது.

உள்ளங்கையைச் சட்டையில் துடைத்தபடி சொன்னார்:
"எங்களையெல்லாம் திருப்பி அனுப்பணும்."
அவனுங்களை என்றுதான் சொல்ல வந்தது.
இருவருமே திருத்தவில்லை.
கீழே மெஷின் நின்றிருந்தது.

இரவு, சாப்பாட்டுக் கடைத் தொலைக்காட்சியில்
இரு நாட்டு அமைச்சர்கள்
கடற்காக்கை மட்டுமே குடியிருக்கும் ஒரு பாறைக்காக
மாறி மாறி மேசையைக் குத்தினார்கள்.
எனக்குப் பாறை தெரியவில்லை.
அந்த மேசைகளுக்கு அடியில்
யார் அப்பாவின் கை என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.
தே தாரிக்கில் ஆடை படிந்துவிட்டது.

வீடு திரும்பும் வழி, செம்பனை ஓரம்,
மூன்று சைக்கிள்கள்.
கார் முன்விளக்கு ஒன்று எரியவில்லை என்று
ஒருவன் கைகாட்டினான்.
கதவுப் பூட்டை அழுத்தியிருந்தது
என் விரல்.

குறிப்பேட்டில், சன்னாசியின் பக்கத்திலேயே,
அதையும் எழுதினேன். தேதியோடு.