நாற்பத்தொன்றாவது மீன்

தராசிலிருந்து தள்ளுபலகை வரை
நாற்பது தட்டு.
மெழுகுப் பென்சிலால் நான் குறிக்க,
பைனிர் கூடவே நடந்து சத்தமாக எண்ணினான்.
ஒன்று என்றுதான் தொடங்கினான்.
ஈரக் கையுறையோடு
பூஜ்யத்திலிருந்து யார் எண்ணுவார்?

அறிவிப்பிலும் அப்படியே எழுதினேன்.
எடை: அரே, 1 முதல் 40 வரை, முழு எண்.
இந்த மொழியில் அது ஒரு சௌகரியம்,
எங்கே தொடங்குவதென்று
நாமே சொல்லிக்கொள்ளலாம்.
நாற்பத்தொன்றைத் தொட்டால் மட்டும்
பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டியதாகிவிடும்.
அங்கே குடியிருப்பது யாரென்று பார்த்து வைத்தேன்:
அபாயச் சங்கு.

அறைக்கொரு சால்மன்,
உடம்பில்லாமல், கிராமாக மட்டும்.
துடிப்பு வந்தால் எல்லோரும் ஓர் அறை நகர வேண்டும்.

கிளாக்ஸ்விக்கில் அன்று விடியப் பத்து மணியாகும்.
அதற்குள் ஐந்து கிலோப் பெட்டியில் பொடிமீன்கள்,
பொடிமீன் பெட்டியில் வால் வெளியே தொங்க ஒரு தடியன்.
மார்ஜுன் அதைச் செவுளோடு தூக்கி
என் முகத்துக்கு நேரே பிடித்தாள்.
ஒன்றும் சொல்லவில்லை.
இந்தத் தீவில் வசவு அவ்வளவுதான்.

தராசைச் சந்தேகித்தேன். கேபிளை.
ஒளிக்கண்ணில் ஒட்டியிருந்த செதிளை.
பைனிர் நக்காத குறையாகத் துடைத்துக் கொடுத்தான்.
கடைசியில்தான் திரையில் அரேயைத் திறந்தேன்.
முதல் அறையில் 1985.
பிறகு 5210, 5210, 5210,
முப்பத்தொன்பது அறையிலும் ஒரே மீன்.

சுழலை ஒன்றிலிருந்து ஓட்டியிருக்கிறேன்.
ஒன்று இரண்டின் மேல் ஏறிற்று,
அந்த இரண்டே மூன்றின் மேல்.
யாரும் நகரவில்லை,
அழிந்தார்கள்.
பலகையை அடைந்த ஒவ்வொரு மீனும்
அப்போதுதான் தராசைவிட்டு இறங்கிய
வேறொன்றின் எடைக்குத் தீர்ப்பு வாங்கியது.

கால்சோய்ப் படகில் கார் இறங்குவதைப்
பார்த்து வளர்ந்தவள்தான் நான்:
கதவருகில் நிற்பது போனால்தான்
அடுத்ததற்கு வழி.
பின்னாலிருந்து, நாற்பதிலிருந்து, என்று
அவசரத்தில் திருத்தி ஏற்றினேன்.
இருப்பதை அடுத்த அறையில் வை.
நாற்பதில் இருப்பதை?

சங்கு அலறியது.
கத்திகள் நின்றன, பட்டை நின்றது,
துறைமுகத்து நாயொன்று பதில் சொன்னது.
பைனிர் இரு கையையும் மேலே தூக்கிவிட்டான்,
ஏனென்று அவனுக்கே தெரியாது.

முப்பத்தொன்பது என்று மாற்றினேன்.
பட்டை மறுபடி ஓடியது,
பெரியது பெரியதோடு, சிறியது சிறியதோடு.

மார்ஜுன் அப்போதுதான் வாய் திறந்தாள்:
"அந்த நாற்பத்தொன்று, எவ்வளவு எடை?"
"நாலாயிரத்து அறுநூற்றைம்பது."
கொஞ்சம் யோசித்தாள்.
"சங்கு ஊதலாம்," என்றாள்.