எந்தக் கால்

ராத்திரி ஒன்றரைக்கு லாரி வரும்.
தடா தாண்டும்போதே வாடை தெரியும் என்று
கவுஸ் புளுகுவான்.
புளியந்தோப்பு ஆட்டுத்தொட்டியில்
ஆடு இறக்குகிறவன் நான்.
வயிற்றுக்கடியில் கைகொடுத்துத் தூக்கினால்
கிலோ சொல்லிவிடுவேன், கால் கிலோ முன்னே பின்னே.
ஒன்று, இரண்டு, நூற்றுப் பத்து.
விடிவதற்குள் ஆடுகளை எண்ணிவிடுவோம்.
எங்கள்மேல் ஏறிய உண்ணிகளை
எவன் எண்ணினான்?

ஆடி மாசம் ஒன்று
அரைஞாண் கயிற்றுக்குக் கீழே குடிவந்திருந்தது.
கொட்டைமுத்து மாதிரி உப்பி,
குளிக்கும்போது கையில் தட்டியது.
பிய்த்துப் போட்டுச் செருப்பால் தேய்த்தேன்.
அவ்வளவு ரத்தம்.
என்னுடையதுதான்.
ஒரு வாரம் சொறிந்தேன், மறந்தேன்.

அப்புறம் ஒரு ஞாயிறு.
ரெஜினா நல்லிக்குழம்பு வைத்தாள்.
எட்டரைக்குச் சாப்பிட்டேன், தூங்கினேன், வேலைக்கு வந்தேன்.
ஒன்றே முக்காலுக்கு
ஏழாவது ஆட்டைத் தூக்கும்போது
உள்ளங்கை அரித்தது.
முதுகெல்லாம் தடிப்பு.
உதடு எனக்கு முன்னால் நடந்தது.
கவுஸ் வாளித் தண்ணீரை ஊற்றி
ஆட்டு மயிர் ஒத்துக்கலை என்றான்,
இருபத்திரண்டு வருஷம் கழித்து.
டிரைவர் டீக்கடை பன்னைச் சொன்னான்.
ரெஜினாவின் அண்ணி கண்ணேறு என்றாள்.
அஞ்சு மணி நேரத்துக்கு முன்னால் தின்ற குழம்பை
யாரும் சந்தேகப்படவில்லை.
அது செரித்துவிட்ட நண்பனைப் போல
அமைதியாக இருந்தது.

இரண்டாம் முறை தொண்டை அடைத்தது.
ஸ்டான்லியில் ஊசி போட்டுப் படுக்கவைத்தார்கள்.
டாக்டர் பூவிழிக்கு
என் மூத்த பெண் வயசுகூட இருக்காது.

என்ன சாப்பிட்டீங்க?
பன்னு, டீ.
அதுக்கு முன்னாடி?
அதுக்கு முன்னாடின்னா, வீட்ல மட்டன்.
உண்ணி கடிச்சிருக்கா?
கடிக்காத நாளைக் கேளுங்க மேடம்.

அவள் பேனாவை மூடிவைத்தாள்.
ஒரு சர்க்கரையாம்.
ஆட்டில் உண்டு, மாட்டில் உண்டு, பன்றியில் உண்டு,
மனுசனில் இல்லையாம்.
உண்ணி அதைத் தன் எச்சிலில் வைத்துக் கடித்தால்
உடம்பு அதை எதிரி என்று
குறித்துவைத்துக்கொள்ளுமாம்.
எனக்குச் சுகர் இல்லையே என்றேன்.
அந்தச் சுகர் இல்லை,
இதுக்குப் பேரு ஆல்ஃபா-கால்.
ஆட்டுக்கால் தெரியும் மேடம்,
மாட்டுக்கால் தெரியும்,
இது எந்தக் கால்?
மாஸ்க்குக்குள் சிரித்தது கண்ணில் தெரிந்தது.
சிரித்துவிட்டு
சீட்டில் எழுதியிருந்த ஒரு மாத்திரையை அடித்தாள்.
அதன் கூடுகூட மாட்டு எலும்பில் வருகிறதாம்.

கோழி?
சாப்பிடலாம்.
காசிமேட்டு வஞ்சிரம்?
தாராளமா.
ரத்தப் பொரியல்?
அவள் என்னையே பார்த்தாள்.
ஈரல் என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை.

உண்ணி என்று அதற்குப் பேர் வைத்தவன்
சரியாகத்தான் வைத்திருக்கிறான்.
உண்டது அது.
உண்ணாதே என்பது எனக்கு.

இப்போது வீட்டில் இரண்டு சட்டி, இரண்டு கரண்டி.
கரண்டி மாறிவிடுமோ என்று
ரெஜினா என்னுடையதில் சிவப்பு நூல் கட்டியிருக்கிறாள்.
பையன் நல்லியைத் தட்டில் தட்டும்போது
மூன்று முறை தட்டுவான்,
மூளை மாதிரி மஜ்ஜை வழுக்கி விழும்.
நான் எழுந்து போவதில்லை.
எதிரே உட்கார்ந்து சங்கரா முள் எடுக்கிறேன்.
வேலையை விடச் சொன்னாளே டாக்டர் என்கிறாள் ரெஜினா.
இன்னொரு கடி பட்டால் இன்னும் கூடுமாம்.
முழுக்கால் பேன்ட் வாங்கியிருக்கிறேன்,
சாக்சுக்குள் சொருகிக்கொள்கிறேன்.
கவுஸ் என்னைக் கலெக்டர் என்கிறான்.

நேற்று ஒரு கிடாயின் காதுமடலில்
ஒன்று ஒட்டியிருந்தது.
இடுக்கியால் எடுத்து
இரும்புக் கம்பிமேல் மல்லாக்கப் போட்டு
செல்போன் வெளிச்சத்தில் பார்த்தேன்.
எல்லாக் கால்களும் காற்றைப் பிடிக்கத் துழாவின.
எண்ணினேன். எட்டு.
டிரைவர் ஹாரன் அடித்தான்.
லாரியில் இன்னும் நாற்பது இருந்தன.
எந்தக் கால் என்று
திரும்பவும் முதலிலிருந்து எண்ணினேன்.