பக்கத்துச் சதுரம்

பெர்கனில் மழை. இது செய்தியல்ல.
நாலரை மணி முன்னறிவிப்பு
மூன்றாம் நாளும் ஆறைத் தாண்டி வந்தது, அதுதான் செய்தி.
வார்டோ துறைமுகத்திலிருந்து ஒருவன் போனில் கேட்டான்:
"அலை வந்து போனபிறகா
அலை வருமென்று சொல்வீர்கள்?"

ராங்ஹில்ட் ஒன்றும் சொல்லவில்லை.
கடலை ஆயிரத்து இருபத்துநான்கு சதுரமாக அறுத்தது நான்.
சதுரத்துக்கு ஒரு செயலி.
எல்லோருக்கும் ஒரே அளவு,
பங்காளிகள்கூடக் குறை சொல்ல முடியாத பாகப்பிரிவினை.

ஆனால் லொஃபோத்தனுக்கு மேற்கே
ஒரே சதுரத்துக்குள் புயல் சுருண்டு படுத்திருந்தது.
அசையாத ஃபியோர்டுகளை வாங்கியவர்கள்
நொடியில் முடித்துவிட்டு
இலையை மூடாமல் உட்கார்ந்திருந்தார்கள்,
கடைசி ஆள் சாப்பிட்டு முடிக்கும்வரை
பந்தியில் யாரும் எழக் கூடாதென்பதால்.

இன்னொன்று.
முந்நூற்றுப் பதினொன்றும் பன்னிரண்டும்
கடலில் ஒட்டிப் பிறந்தவை.
கூடத்திலோ ஒன்று முதல் அடுக்கில்,
மற்றது பத்தொன்பதாவதில்.
அலையின் விளிம்பு எவ்வளவு உயரமென்று
ஒவ்வொரு அடிக்கும் கேட்டாக வேண்டும்.
ஏழு சுவிட்ச் தாண்டிப் போகிறது கேள்வி,
ஏழு தாண்டி வருகிறது பதில்.
கூட்டிக் கழிக்க ஒரு கண்சிமிட்டல்,
குசலம் விசாரிக்கத்தான் இத்தனை நேரம்.

வரைபடத்தை அச்செடுத்து
அஸ்லாக்கின் கத்தரியால் வெட்டினேன்.
அதிகம் பேசுகிறவற்றை ஒரே அடுக்கில் நெருக்கி வைத்தேன்.
எல்லாம் ஒரே வாசலில் முட்டிக்கொண்டன.
ஐந்தே முக்கால்.

மறுபடி வெட்டினேன்.
புயலை எட்டாகக் கிழித்தேன்,
ஃபியோர்டுகளை மூன்று மூன்றாக
ஒரே செயலியின் தலையில் கட்டினேன்.
இரண்டு மணிக்கு எண்ணிப் பார்த்தால்
அறுபத்துநான்கு செயலிகள் மிச்சம்.
அவற்றுக்கும் ஏதாவது கொடுத்துப் பார்த்தேன்,
கொடுக்கக் கொடுக்கத் தாமதம்தான் கூடியது.

காலையில் நிர்வாகி ஸ்டூர்லா வந்தார்.
"அறுபத்துநான்கும் சும்மாவா கிடக்கின்றன?
மின்சாரம் யார் அப்பன் வீட்டுக் காசு?"
"சும்மாதான்" என்றாள் ராங்ஹில்ட்,
திரையைத் திருப்பிக் காட்டினாள்:
நாலு இருபத்தொன்று.

வார்டோக்காரன் இன்று கூப்பிடவில்லை.
கடலுக்குப் போயிருக்கலாம்,
போகாமலும் இருக்கலாம்.

செவ்வாயன்று காற்று வடக்கே திரும்புகிறது.
புயலின் கனம் வேறெங்கோ போய் உட்காரும்,
இந்தப் பங்கீடு செல்லாது.

அஸ்லாக் கத்தரியைத் திருப்பிக் கேட்கிறான்.
புதன்கிழமை தருகிறேன் என்றேன்.