உடைசல் பதிவேடு

நான் படித்தது வணிகவியல்.
அறிவியல் எனக்குப் பற்றுப் பக்கத்தில்தான் வரும்:
உடைந்த பொருள், விலை, யார், காரணம்.
பச்சைத் துணி அட்டை போட்ட பேரேடு,
துறைக்கு ஒரு பகுதி.

வேதியியல் தாராளம்.
பிப்பெட் நுனி, பியூரெட் குழாய்,
பீக்கர் மாதம் ஒரு டஜன்.
அங்கே விரல் வேண்டும்,
ஒரு சொட்டுக்கும் அடுத்த சொட்டுக்கும் நடுவில்
நிற்கத் தெரிந்த விரல்.
இளஞ்சிவப்பு வரும்போதே மூட வேண்டும்.
வந்த பிறகு மூடுகிறவர்கள்தான் அதிகம்;
கழுவுதொட்டி முழுக்க ரோஜா நிறம்.

இயற்பியலில் அபூர்வமாகத்தான் உடையும்,
உடைந்தால் ஆயிரத்துக்குக் குறையாது.
ஊசல் ஐம்பது முறை ஆடி முடிக்கும்வரை
தும்மலையும் அடக்கிக்கொண்டு நிற்பார்கள்.
நாற்பத்தொன்றா, நாற்பத்திரண்டா
என்று ஒரு கணம் குழம்பினால்
முதலிலிருந்து.

தாவரவியலில் கண்ணாடி வில்லைகளும்
சவரத் தகட்டில் அறுபட்ட விரல்களும்.
விரலுக்குப் பத்தி இல்லை,
பஞ்சு மட்டும் கணக்கில் வரும்.
விலங்கியலில் ஒரே ஒரு பெரிய பதிவு:
ஃபார்மலின் ஜாடி, தானே புயல் இரவு,
காரணம் காற்று.

கணிதத்துக்கும் பத்துப் பக்கம் ஒதுக்கியிருக்கிறது.
இதுவரை வெள்ளை.
அங்கே உடைவது எதுவோ
அது கொள்முதல் பட்டியலில் இல்லை.

காரணம் என்ற பத்தியில்
எல்லாரும் எழுதுவது இரண்டே சொல்: கை தவறி.
இரண்டாம் ஆண்டு பாடலீஸ்வரி மட்டும்
ஒரு சோதனைக்குழாய்க்கு எதிரே
'எவ்வளவு சூடு தாங்கும் என்று பார்த்தேன்'
என்று எழுதினாள்.
முப்பது ரூபாய். சில்லறையாகக் கொடுத்தாள்.

ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை
உப்பனாற்றில் மடவை செத்து மிதந்ததாம்.
சோனாங்குப்பத்திலிருந்து மறுநாள் அவள்
ஒரு லிட்டர் ஆற்றோடு வந்தாள்,
லேபிள் சுரண்டிய கண்ணாடி பாட்டிலில்.

மீன் எங்கே என்றது விலங்கியல்.
எத்தனை மணிக்கு எடுத்தது, மூடியைக் கழுவினாயா
என்றது வேதியியல்.
ஏற்றத்திலா, வற்றத்திலா என்றது இயற்பியல்.
தாவரவியல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து
ஏதோ பச்சையாக இருக்கிறது, நாளைக்கு வா என்றது.
கணிதத்தில் பாட்டிலைத் தொடவே இல்லை,
ஒன்று போதாது என்றார்கள்.

யார் சொன்னதும் தப்பில்லை.
கேள்வி ஆளுக்கொன்று இருந்தது,
பாட்டில்தான் ஒன்று.

மூன்று மாடி ஏறி இறங்கி
இரண்டாவது திருப்பத்தில், நாலாம் படியில்,
வியர்த்த கையிலிருந்து நழுவியது.

சத்தம் கேட்டதும் பேரேட்டோடு ஓடினேன், பழக்கம்.
எந்தத் துறையில் எழுதுவது?
படிக்கட்டு எந்தத் துறையையும் சேர்ந்ததில்லை.
பாட்டில் கல்லூரி இருப்பிலேயே இல்லை.
கணிதத்தின் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து நீட்டினேன்.
பொருள்: உப்பனாறு, ஒரு லிட்டர்.
விலைக்கு ஒரு கோடு.
காரணம் பத்தியில் பேனா முனையை ஊன்றி
மை பொட்டாக ஊறும்வரை யோசித்தாள்.
பிறகு எழுதினாள்: இன்னும் தெரியவில்லை.
நான் கேட்டது பாட்டிலைப் பற்றி.

சாயங்காலத்துக்குள் படி காய்ந்து
வெள்ளையாக ஒரு தீவு படிந்தது.
உப்பா, வேறெதுவுமா,
எறும்பு ஒன்றும் அந்தப் பக்கம் போகவில்லை.
துடைக்க வந்த செங்கேணி துணியைப் பிழிந்தபோது
'இருக்கட்டும்மா' என்றேன்.
ஏன் சொன்னேன் என்பதற்கு
என்னிடம் பத்தி இல்லை.

திங்கள் காலை முதல் மணிக்கு முன்னால்
கணுக்காலில் சேறு காயாமல் வந்தாள்.
ஏழு பாட்டில்கள், இந்த முறை பிளாஸ்டிக்.
ஒவ்வொன்றின் கழுத்திலும் நூல் கட்டிய சீட்டு:
பாலத்தடி, வற்றம், ஐந்து நாற்பது.
முகத்துவாரம், ஏற்றம் தொடக்கம்.
இப்படி ஆறு.
ஏழாவதில் எங்கள் கல்லூரிக் குழாய்த் தண்ணீர்.

'இது எதுக்கும்மா?'

'இதுல ஒண்ணும் இல்லன்னு
நம்பிக்கிட்டிருக்கோமே சார்.
அதையும் பாக்கணுமில்ல.'