மூன்றாவது காத்தாடி

கணக்குப் பாடத்தில்தான் எப்போதும் வருவார்கள்.
இரண்டாம் ஆண்டுப் பொடியன் ஒருவன்
மூச்சிரைக்கக் கதவோரம் நின்று,
"டீச்சர், சஷ்வின் அக்காவ வரச் சொன்னாங்க."
பதிவேட்டில் எனக்கொரு பெயர் உண்டு.
தம்பி சேர்ந்ததிலிருந்து பள்ளி அதை மறந்துவிட்டது.

போனால் மேசைக்கு அடியில் இருப்பான்.
இரண்டு கையும் காதில்.
ஒற்றைச் சப்பாத்து வெண்பலகைப் பக்கம் கிடக்கும்.
மூன்றாவது காத்தாடி, என்பான்.
வகுப்பில் நான்கு. மூன்றாவது மட்டும்
சுற்றுக்கு ஒருமுறை 'டிக்' என்கிறதாம்.
நானும் அண்ணாந்து நின்று கேட்டேன்,
பரமேஸ் டீச்சரும் கேட்டார்.
எங்களுக்குக் காற்றுதான் வந்தது.

சத்தம் ஆகாத பிள்ளை என்று சொல்லி முடித்துவிடலாம்.
ஆனால் செம்பனை ஆலைச் சங்கு
காலை ஆறே முக்காலுக்கு பகாவ் முழுக்க அதிரும்போது
ஜன்னலுக்கு ஓடிச் சிரிப்பவனும் இவன்தான்.
சங்கு தன் நேரத்துக்கு வரும்.
தினமும் அதே நீளம் ஊதி நின்றுவிடும்.
பள்ளிக்கூடத்தில் அப்படி எதுவும் இல்லை.
"அஞ்சே நிமிஷம், விட்டுடுவேன்."
அவன் கடிகாரத்தையே பார்த்திருப்பான்.
ஐந்து, பதினொன்றாகும்.
அழுதால் அடம் என்று எழுதி அனுப்புவார்கள்.

சபைகூடலில் இருநூறு வெள்ளைச் சட்டைகள் மேல்
வெயில் விழுந்து கண்ணைக் குத்தும்.
சிற்றுண்டிச்சாலையில் சோற்றைச் சம்பால் தொட்டுவிட்டால்
அந்தத் தட்டே முடிந்தது.
கழுத்துப் பட்டையில் தைத்திருந்த துணித்துண்டை
அம்மா பிளேடால் வெட்டினாள்,
மிஞ்சிய இரண்டு நூல்
மதியம்வரை முதுகில் எறும்பாய் ஊர்ந்ததாம்.
இத்தனையும் சுமந்துகொண்டு உட்கார்ந்திருப்பவனிடம்
"கண்ணைப் பார்த்துப் பேசு" என்கிறார்கள்.
கண்ணைப் பார்த்தால் அவனுக்குப் பேச்சு வராது.
ஏதாவது ஒன்றைத்தான் கேட்கலாம்.

டீச்சர் கெட்டவர் இல்லை.
இரண்டு வகுப்பை ஒன்றாக்கியதில் முப்பத்தாறு பிள்ளைகள் அவருக்கு.
ஒரு நாள் மூன்றாவதை நிறுத்தியே வைத்தார்.
கீழே வேர்த்த பிள்ளைகளுக்காக
இரண்டு அப்பாக்கள் வந்து நியாயம் கேட்டார்கள்.
மறுநாள் அது சுற்றியது.

சிரம்பான் ஆஸ்பத்திரியில் பெயர் கொடுத்திருக்கிறோம்.
எட்டு மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை.
டயர் கடை கொடுத்த காலண்டரில்
அப்பா அதற்கு வட்டம் போட்டார்.
சஷ்வின் தினமும் அந்த வட்டத்தைத் தடவிப் பார்ப்பான்,
இடம் மாறாமல் இருக்கிறதா என்று.

யாரிடமும் சொல்லாத ஒன்று இருக்கிறது.
போன வியாழன் பின்னத் தேர்வு.
ஏழாவது கணக்கில் இருந்தேன்.
டீச்சர் பலகைப் பக்கம் திரும்பியிருந்தார்.
கதவோரம் அதே பொடியன்.
"சஷ்வின் அக்கா."
நான் தலை தூக்கவில்லை.
என் பெயர் அதுவல்லவே.
"சஷ்வின் அக்கா..."
பென்சிலை அழுத்தி, எட்டில் மூன்று என்று எழுதினேன்.
மூன்றாம் தடவை அவன் குரல் இறங்கிப் போயிருந்தது.
காது திறந்தேதான் இருந்தது,
எல்லாம் கேட்டது,
ஒன்றும் கேட்காதவள் மாதிரி இருக்க
எனக்கு வந்துவிட்டது.
பெரியவர்களுக்கெல்லாம் வருவது.
அவனுக்கு மட்டும் வராதது.

பிறகு ஓடினேன்.
மேசைக்கடியில் நுழைந்து பக்கத்தில் படுத்தேன்.
அங்கே பசை வாசனை, யாரோ துருவிப் போட்ட பென்சில் தூள்.
என் மணிக்கட்டைப் பிடித்து
ஒவ்வொரு டிக்குக்கும் விரலால் தட்டினான்.
தட்டு தெரிந்தது, டிக் தெரியவில்லை.
நாற்பதுவரை எண்ணிவிட்டு விட்டுவிட்டேன்.
அவன் தட்டிக்கொண்டே இருந்தான்.

ஏழாவது கணக்கு தவறென்று
திங்கட்கிழமை தெரிந்தது.