ஆறாம் கூண்டு

வின்டர்தூரில் சனிக்கிழமைகளில்
மண் மாற்றி, கிண்ணம் கழுவி,
ஆறாம் கூண்டின் முன் சம்மணமிட்டிருப்பேன்.
"மனிதக் குரல் பழகட்டும், ஏதாவது பேசுங்கள்"
என்றிருந்தாள் ரெகுலா.

என் ஜெர்மன் பூனைக்கும் போதாது.
தமிழில் சொன்னேன்:
வாடகை ஏறினது, முழங்கால் நோவு,
மகள் போன் எடுக்காதது.
உண்டியலுக்கு ஐந்து பிராங்க்தான்.
நேரம் மட்டும் சில்லறையாய்க் கிடந்தது.

பதினோராம் கிழமை
கம்பியிடுக்கால் ஒரு மூக்கு வந்தது, ஈரமாய்.

மாசியில் யாரோ கூட்டிப்போனார்கள்.

நேற்றிரவு போன் அடித்தது. மகளில்லை.
"அலமாரிக்குப் பின்னால் மூன்று நாளாய்.
எப்படிக் கூப்பிடுவீர்கள் நீங்கள்?"

"வாடியம்மா."

வாதியமா, என்றது ஒரு ஆண் குரல்.
வா-டி-மா, ஒரு சிறுமி.
சிரித்தார்கள்.
பிறகு சட்டென்று சிரிக்கவில்லை.

தூரத்தில்
கழுத்துமணி ஒன்று,
மிக மெதுவாக.