ஒரு சாண்

விடிவதற்கு முன் துளைக்கருவியோடு இறங்குகிறேன்,
கடலுக்குள் அல்ல, கடல்மேல்.
போன மாதம் மீன்படகு போன இடத்தில்
என் பூட்ஸ் கிறீச்சிடுகிறது.

ரோகுகுலாவிலிருந்து ஹீயுமா தீவுக்கு
இருபத்தாறு கிலோமீட்டர்.
சாலைத் துறை என்று என் கோட்டில் எழுதியிருக்கிறது.
என் சாலையோ வருடத்தில் பத்து மாதம் அலையடிக்கும்,
சில வருடம் பன்னிரண்டு மாதமும்.

தெற்கே, கப்பலுக்காக வெட்டிய வழி
கருப்பாகக் கிடக்கிறது.
ஒரே அரசு
அங்கே பனியை உடைக்கச் சம்பளம் தருகிறது,
இங்கே அதைக் காக்க.
எங்கள் இரண்டு அலுவலகத்துக்கும் ஒரே கணக்காளர்.

துளை விழுந்ததும் நீர் மேலேறி வரும்.
கொக்கி வைத்த அளவுகோலை உள்ளே விட்டு
அடிவிளிம்பில் மாட்டி இழுக்கவேண்டும்.
இருபத்திரண்டு சென்டிமீட்டர் இருந்தால் கார் போகலாம்.
கட்டைவிரலிலிருந்து சுண்டுவிரல் வரை
கையை விரித்துப் பார்த்திருக்கிறேன்:
ஒரு சாண்.
எண்சாண் உடம்புகளை,
அவற்றின் டயர்களை, பெட்ரோலை, அவசரங்களை
ஒரு சாண் தாங்கவேண்டும்.

வாசலில் பலகை நட்டிருக்கிறோம்.
இருபத்தைந்துக்குக் கீழே போ, இல்லை நாற்பதுக்கு மேலே;
இடைப்பட்ட வேகத்தில்
உன் அடியில் ஓர் அலை எழுந்து
உன்னோடு கூடவே வரும்.
வழியில் நிற்காதே.
முன்னால் போனவன் மூன்று நிமிடம் தள்ளிப் போகட்டும்.
சீட் பெல்ட்டைக் கழற்று.

கடைசி வரியைப் படித்து
வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள்,
போட்டோ எடுத்துக்கொள்வார்கள்.

இன்று காலை ஆறு மணிக்கு
மேகம் தாழ்ந்துவிட்டதென்று விமானத்தை நிறுத்தினார்கள்.
ஏழுக்கு, கப்பலின் தீயணைப்புப் பம்பு
தண்ணீர் இழுக்கவில்லை என்று
ஆய்வாளர் அதையும் கட்டிப்போட்டார்.
ஏழரைக்கு எல்லோரும் என்னிடம் வந்தார்கள்.
பியானோவுக்குச் சுருதி சேர்க்கும் மைமு,
தூக்கம் கலையாத இரண்டு மின்பணியாளர்கள்,
வேன் நிறையக் கோழித்தீவனத்தோடு எண்டெல்.

பதினோராவது கிலோமீட்டரில் பத்தொன்பது.
மூன்று முறை துளைத்தேன்.
பத்தொன்பது, பத்தொன்பது,
பதினெட்டரை.

"மூன்று சென்டிமீட்டர்," என்றான் எண்டெல்,
விரலிடுக்கில் அதைப் பிடித்துக் காட்டி.
"இதற்காகவா? கோழிக்குச் சட்டம் தெரியுமா, லெய்டா?
என் அப்பா பதினைந்தில் போனவர்."

உன் சித்தப்பாவும் போனார்.
நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினேன்.
நான் வேலையில் சேர்ந்த முதல் குளிர்காலம் அது.
கிரேன் தூக்கியபோது காருக்குள் நீர் வடியவே
வெகுநேரம் ஆனது.
ஒழுங்கான மனிதர்.
வேகம் சரி, எடை சரி,
விளக்குகூடப் போட்டிருந்தார்.
பெல்ட் போட்டிருந்தார்.
விரல்கள் பக்கிளின்மேல் இருந்தன.
அறிக்கையை நான்தான் தட்டச்சு செய்தேன்;
'விரல்கள்' என்ற சொல்லை மேலதிகாரி அடித்துவிட்டு
'கை' என்று எழுதினார்.

சங்கிலியைக் குறுக்கே இழுத்துப் பூட்டினேன்.
மைமு ஒன்றும் சொல்லாமல்
தெர்மாஸிலிருந்து எனக்கும் ஊற்றினாள்.
எண்டெல் என்னை, என் துறையை,
தலைநகரில் சூடான அறையில் உட்கார்ந்திருப்பவர்களை,
ஒருவர் விடாமல் திட்டினான்.
எல்லோருக்கும் ஒரு சாண் வயிறுதான்,
தீவிலே கோழிக்கும்.

நாளைவரை இந்தப் பனி உடையாமலே இருக்கலாம்.
மாலையில் யாராவது வந்து சொல்வார்கள்:
பார்த்தாயா, ஒன்றும் ஆகவில்லை.
ஆம். அந்த 'ஒன்றும் ஆகவில்லை'யை
படிவத்தில் எழுதக் கட்டம் இல்லை.

வேனைப் பின்னால் எடுத்துத் திருப்பினான்.
கரையேறி, தார் தொட்டதும் நின்றான்.
காற்றைத் தாண்டி எனக்குக் கேட்டது
பெல்ட் மாட்டும் சத்தம்:
க்ளிக்.
இன்னும் திட்டிக்கொண்டுதான் இருந்தான்.

மத்தியானம் மறுபடி அளக்கப் போனேன்.
காலையில் போட்ட துளையில்
ஆறிய பால்போல
மெல்ல ஆடை கட்டியிருந்தது.